வவுச்சர் கையில் இருக்கிறது, பார்ட்னர் விமானம் என்றால் ஏற்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

திப்பசந்திராவாசி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

போன வருடம் ஆபீஸ் வேலையாக ஐரோப்பா போய்த் திரும்பும்போது பெங்களூர் விமானம் ரத்தாகி, மறுநாள் ராத்திரிதான் அனுப்பி வைத்தார்கள். நஷ்டஈடு பணமாக வேண்டுமானால் 600 யூரோ, வவுச்சராக வாங்கிக்கொண்டால் 700 யூரோ என்று கவுன்டரில் சொன்னார்கள். எப்படியும் மறுபடி போகத்தானே போகிறோம் என்று வவுச்சருக்குக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் வேலை மாறிவிட்டது, பயணமே இல்லை. வவுச்சர் காலாவதி ஆக இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது.

இப்போது என் தங்கைக்கு அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்தில் பிரசவம். அம்மா போகிறார், தனியாக. 63 வயது, முட்டி வலி உண்டு, ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். பெங்களூரிலிருந்து ஐரோப்பா, அங்கே மாறி சிகாகோ, அங்கே மாறி கொலம்பஸ் என்று மூன்று விமானம். முதல் இரண்டும் வவுச்சர் கொடுத்த கம்பெனியுடையது, கடைசி மட்டும் பார்ட்னர் கம்பெனி விமானம்.

வெப்சைட்டில் தேடினால் ஒரே நாளில் இரண்டு வழி வருகிறது, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் வழியில் சிகாகோவில் 1 மணி 25 நிமிடம்தான் இடைவெளி. அதில் வவுச்சர் நம்பரைப் போட்டால் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது வழியில் 2 மணி 50 நிமிடம், அம்மாவுக்கு அதுதான் சரிப்படும். ஆனால் அதில் நம்பரைப் போட்டதும் இந்தப் பயணத்துக்கு வவுச்சர் செல்லாது என்று சிவப்பில் வந்து நிற்கிறது. இரண்டிலும் கடைசி விமானம் அதே பார்ட்னர் கம்பெனிதான்! ஒன்றில் செல்லும், இன்னொன்றில் செல்லாது என்றால் என்ன கணக்கு இது?

இன்னொன்று, வவுச்சர் என் பெயரில் இருக்கிறது. அம்மா டிக்கெட்டுக்குப் போடலாமா?

ஒயிட்ஃபீல்டு குமரன்:

மைல்ஸ், அதாவது பறக்கப் பறக்கக் கணக்கில் சேருகிற புள்ளிகளை வைத்து பார்ட்னர் விமானத்தில் எத்தனையோ முறை டிக்கெட் எடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி மறுத்ததில்லை. அதனால் இது வெப்சைட் கோளாறாக இருக்கலாம். பிரவுசரை மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆப்பில் போட்டுப் பாருங்கள்.

அதுவும் சரிவரவில்லை என்றால் வவுச்சரில் சிகாகோ வரைக்கும் எடுத்துவிட்டு, சிகாகோவிலிருந்து கொலம்பஸுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரச் சொச்சம் பறக்கிற தூரம்தான், நேரமும் உங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சிவாஜிநகர் டிக்கெட்காரர்:

மேடம், நான் சிவாஜிநகரில் ஒரு டிராவல்ஸில் 22 வருடமாக டிக்கெட் போடுகிறேன். இதே கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு பேராவது கடைக்கு வருகிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு வழியையும் மறுபடி திறந்து, கடைசி விமானத்தின் எண்ணைப் பாருங்கள். கம்பெனி பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணுக்கு முன்னால் இருக்கிற இரண்டெழுத்தைப் பாருங்கள். முதல் வழியில் அது உங்கள் வவுச்சர் கம்பெனியின் எழுத்தாக இருக்கும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஆபரேட்டட் பை’ என்று பார்ட்னர் பெயர் இருக்கும். இரண்டாவது வழியில் பார்ட்னரின் சொந்த எழுத்தே இருக்கும். நான் உங்கள் திரையைப் பார்க்கவில்லை, இருந்தாலும் பத்துக்கு ஒன்பது இப்படித்தான் இருக்கும்.

முதலாவது கோட்ஷேர். பறப்பது பார்ட்னர் விமானம், ஆனால் அந்த சீட்டைத் தன்னுடைய எண் போட்டு விற்பது உங்கள் கம்பெனி. நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். க்வாண்டாஸ் 2022 செப்டம்பரில் சிட்னியிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் விட்டது. இங்கே இறங்கி வேறு ஊர்களுக்குப் போகிறவர்களுக்காக இண்டிகோவோடு கோட்ஷேர் வைத்துக்கொண்டது. ஏறி உட்காருவது இண்டிகோவில், டிக்கெட்டில் இருப்பது க்வாண்டாஸ் எண். இரண்டாவது வகை இன்டர்லைன். அதில் பார்ட்னரின் விமானத்தை பார்ட்னர் எண்ணிலேயே வைத்து, ஒரே டிக்கெட்டாகக் கோத்துக் கொடுக்கிறார்கள். பயணம் செய்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுபோலத்தான் போகும். கணக்குப் புத்தகத்தில் மட்டும் வேறு வேறு.

வவுச்சர் என்பது அந்தக் கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடன், அவ்வளவுதான். அவர்கள் வீட்டுக்குள் செல்லும் காசு. பார்ட்னருக்கு அது காசே இல்லை, அவர்களுக்கு உரிய பங்கை இவர்கள் நிஜப் பணமாகத்தான் கொடுத்தாக வேண்டும். விமானக் கம்பெனிகளுக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து வைக்கவே அவர்களுடைய உலகச் சங்கமான ஐயாட்டா நடத்துகிற கிளியரிங் ஹவுஸ் இருக்கிறது. வெளியே போகிற பணம் என்பதால் ஒவ்வொரு கம்பெனியும் வவுச்சருக்கு ஒரு எல்லை போட்டு வைத்திருக்கும். எங்கள் சொந்த விமானத்தில் மட்டும் என்பார்கள் சிலர், எங்கள் எண் போட்ட கோட்ஷேரிலும் செல்லும் என்பார்கள் சிலர், எங்கள் டிக்கெட்டாக இருந்தால் எந்த பார்ட்னரிலும் சரி என்பவர்களும் உண்டு. உங்கள் கம்பெனி நடு ரகம் போலத் தெரிகிறது. வவுச்சர் வந்த மெயிலின் அடியில் விதிமுறை லிங்க் இருக்கும், அதில் ‘மார்க்கெட்டட்’, ‘ஆபரேட்டட்’, ‘டிக்கெட்டட்’ என்று மூன்று வார்த்தையில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆபரேட்டட் என்றால் அவர்களே பறக்க வேண்டும், மார்க்கெட்டட் என்றால் அவர்கள் எண்ணில் விற்றால் போதும், டிக்கெட்டட் என்றால் அவர்கள் டிக்கெட்டாக இருந்தால் போதும். மொத்த விஷயமும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

குமரன் தம்பி சொன்ன மைல்ஸ் கதை வேறு. அதற்கு கம்பெனிகளுக்குள் தனி ஒப்பந்தம், தனி விலை, மைல்ஸ் பயணிகளுக்கென்று தனியாக ஒதுக்கிய சீட். ஸ்டார் அலையன்ஸ் என்கிற விமானக் கம்பெனிகளின் கூட்டணி 1997-லிருந்து இருக்கிறது, ஏர் இந்தியா 2014 ஜூலையில் அதில் சேர்ந்தது. அந்தக் கூட்டணி மைல்ஸுக்கும் லவுஞ்சுக்கும் உதவும். ஒரு கம்பெனி கொடுத்த வவுச்சரை இன்னொரு கம்பெனியின் வெப்சைட்டில் போட்டால் அந்த நம்பரை அதற்கு அடையாளமே தெரியாது.

தனி டிக்கெட் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்குகிற ஊரில்தான் இமிகிரேஷன். அதை முடித்துப் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். சிகாகோவில் அந்த வரிசை சில நாள் அரை மணியில் முடியும், சில நாள் இரண்டு மணியும் ஆகும். ஒரே டிக்கெட்டாக இருந்தால், இணைப்பைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. தனி டிக்கெட் என்றால் அம்மா வரவில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள், அங்கேயே புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். அதோடு, ஒரே டிக்கெட்டில் ஊரிலிருந்து கிடைக்கிற பெட்டிக் கணக்கு கொலம்பஸ் வரை செல்லும். உள்நாட்டு டிக்கெட் தனியாக எடுத்தால் பெரும்பாலும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் காசு கேட்பார்கள். பிரசவத்துக்குப் போகிற அம்மா ஒற்றைப் பெட்டியோடா போகப் போகிறார்?

நான் செய்யச் சொல்வது இதுதான். இரண்டாவது வழியில் வருகிற அதே பார்ட்னர் விமானத்துக்கு உங்கள் கம்பெனியின் எண்ணும் இருக்க வாய்ப்பு உண்டு, ஒரே விமானம் இரண்டு மூன்று எண்ணில் விற்பது சாதாரணம். அன்றைக்கு அந்த எண்ணில் அந்தக் கட்டண வகுப்பு தீர்ந்திருந்தால் வெப்சைட் இன்டர்லைன் வழியைக் காட்டும். அதனால் இரண்டு நாள் முன்னே, இரண்டு நாள் பின்னே போட்டுப் பாருங்கள். செவ்வாய், புதனில் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, இந்த விமானம் உங்கள் எண்ணில் இருக்கிறதா, இருந்தால் அதில் போட்டு வவுச்சரில் டிக்கெட் கொடுங்கள் என்று விமான எண்ணோடு கேளுங்கள். ‘பார்ட்னர் விமானத்தில் செல்லுமா’ என்று பொதுவாகக் கேட்டால் செல்லாது என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அவர்கள் கையில் இருக்கும் பதில் அது ஒன்றுதான்.

எங்களைப் போன்ற ஏஜென்ட்டிடமோ மற்ற டிக்கெட் சைட்டுகளிலோ இந்த வவுச்சரைப் போட முடியாது. பெரும்பாலும் கம்பெனியிடம் நேராக வாங்கினால்தான். என் கடைக்கு வந்தாலும் இதையேதான் சொல்லி அனுப்புவேன்.

மல்லேஸ்வரம் மாலா:

டிக்கெட்காரர் சார் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் இரண்டு இடத்தில் அடி வாங்கியிருக்கிறேன்.

முதலாவது தேதி. என் வவுச்சரில் ‘இந்தத் தேதி வரை செல்லும்’ என்று மட்டும் இருந்தது. அதற்குள் டிக்கெட் எடுத்தால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் கணக்கில் அந்தத் தேதிக்குள் பயணமே முடிந்திருக்க வேண்டுமாம். சிலர் புக் செய்யும் தேதியைக் கணக்கில் எடுப்பார்கள், சிலர் பயணம் தொடங்கும் தேதியை, சிலர் திரும்பி வரும் தேதியை. உங்கள் அம்மா பிரசவத்துக்குப் போனால் நான்கைந்து மாதமாவது இருப்பார், திரும்பும் தேதி நிச்சயம் உங்கள் இரண்டரை மாதத்தைத் தாண்டும். இன்றைக்கே விதிமுறையில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, பாதி வவுச்சர் பாதி கார்டு என்று கட்டி, பிறகு கேன்சல் செய்தால் பணம் எப்படித் திரும்பும் என்பது. எனக்குக் கார்டு பங்கில் கேன்சல் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சம் கொடுத்தார்கள், வவுச்சர் பங்கைப் பழைய காலாவதித் தேதியோடு வவுச்சராகவே திருப்பினார்கள். அந்தத் தேதி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. கஸ்டமர் கேரில் பேசிய பெண் பாவம் தன்மையாகத்தான் பேசினாள், ஆனால் பணம் போனது போனதுதான். பிரசவ விஷயம், தேதி முன்னே பின்னே ஆகும், அதனால் இன்னும் கொஞ்சம் கொடுத்தாவது தேதி மாற்ற வசதி உள்ள கட்டணத்தில் எடுங்கள்.

பெயர் விஷயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வவுச்சர் யார் பெயரில் இருந்தாலும் யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம் என்று விடுகிறவர்கள் உண்டு, பெயர் உள்ளவர் கட்டாயம் பயணிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். ஐரோப்பிய யூனியனிலிருந்து கிளம்புகிற விமானத்துக்கு அவர்கள் சட்டப்படி நஷ்டஈட்டைப் பணமாகத்தான் தர வேண்டும், பயணி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர். 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 600 யூரோ என்பது அந்தச் சட்டத்திலிருந்து வருகிற தொகை. நம்ம ஊரிலும் ரீஃபண்டைக் கிரெடிட் ஷெல்லில் (அடுத்த டிக்கெட்டுக்காகக் கம்பெனியிடமே வரவாக) வைப்பதா பணமாக வாங்குவதா என்பது பயணியின் விருப்பம், கம்பெனி தானாகப் போட்டு வைக்கக் கூடாது என்று நம்ம விமானத் துறையைக் கண்காணிக்கிற டிஜிசிஏவின் விதியிலேயே இருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. விமானமே பறக்காவிட்டால் அந்தக் கம்பெனி வவுச்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 700-க்கும் 600-க்கும் இடையில் நான் என்றால் 600-ஐத்தான் எடுப்பேன்.

திப்பசந்திராவாசி:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சார், நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. முதல் வழியில் நாலு இலக்க எண்ணுக்கு முன்னால் எங்கள் கம்பெனியின் எழுத்து, இரண்டாவதில் பார்ட்னர் எழுத்து. இத்தனை நாள் அந்த வரியை நான் கவனித்ததே இல்லை, நேரத்தையும் விலையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலா அக்கா சொன்னதும் பயந்துபோய் விதிமுறையை மூன்று முறை படித்தேன். நல்லவேளை, எனக்குப் புக் செய்யும் தேதிதான் கணக்கு, பயணம் அதற்கப்புறமும் இருக்கலாம். ‘மார்க்கெட்டட்’ என்ற வார்த்தைதான் போட்டிருக்கிறார்கள். பெயரைப் பற்றி, வேறு ஒருவருக்கும் எடுக்கலாம், ஆனால் காசுக்கு விற்கக் கூடாது என்று இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். வவுச்சர் யூரோவில் இருக்கிறது, டிக்கெட் விலை ரூபாயில் வருகிறது, பரவாயில்லையா? அம்மாவுக்கு வீல்சேர் வேண்டும், அதை யாரிடம் சொல்வது, இந்தக் கம்பெனியிடமா பார்ட்னரிடமா?

சிவாஜிநகர் டிக்கெட்காரர்:

ரூபாய் பரவாயில்லை மேடம், அன்றைய ரேட்டில் அவர்கள் சிஸ்டமே மாற்றிக்கொள்ளும். சில கம்பெனிகளில் வவுச்சர் கொடுத்த நாட்டு வெப்சைட்டில்தான் செல்லும், உங்களுக்கு முதல் வழியில் ஏற்றுக்கொண்டதால் அந்தக் கவலை இல்லை. மீதித் தொகையைக் கார்டில் கட்டும்போது மட்டும், வெளிநாட்டுக் கம்பெனி என்பதால் ரூபாயில் கட்டினாலும் சில பேங்க் தனிக் கட்டணம் போடும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீல்சேர் முக்கியமான கேள்வி. டிக்கெட் கொடுத்த கம்பெனியிடம் சொன்னால் அவர்கள் பார்ட்னருக்கு மெசேஜ் அனுப்புவார்கள், ஆனால் அது போய்ச் சேர்ந்து உறுதியானதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். டிக்கெட் வந்ததும், பார்ட்னரின் பிஎன்ஆர், அதாவது புக்கிங் அடையாள எழுத்து என்ன என்று கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு வேறு ஆறெழுத்து இருக்கும், உங்கள் பிஎன்ஆர் அவர்கள் வெப்சைட்டில் பெரும்பாலும் திறக்காது. அந்த எழுத்தைப் போட்டு பார்ட்னர் சைட்டில் புக்கிங்கைத் திறந்தால் சீட்டும் எடுக்கலாம், வீல்சேர் ஏறியிருக்கிறதா என்றும் தெரியும். ஏறவில்லை என்றால் பார்ட்னருக்கே போன் போடுங்கள்.

அப்புறம், நேரம் மாறினாலோ விமானம் ரத்தானாலோ கிளம்புவதற்கு முன்னால் எதுவானாலும் டிக்கெட் கொடுத்த கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். யார் கொடுத்த டிக்கெட் என்று அடையாளம் தெரிய, 13 இலக்க டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். ஏர் இந்தியா என்றால் 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, எமிரேட்ஸ் 176 என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. அந்த மூன்று இலக்கம் யாருடையதோ அவர்தான் உங்களுக்குப் பொறுப்பு, விமானத்தின் வாலில் யார் பெயர் எழுதியிருந்தாலும்.

ஒயிட்ஃபீல்டு குமரன்:

சார், மைல்ஸும் வவுச்சரும் ஒன்று என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன், திருத்தியதற்கு நன்றி. தனி டிக்கெட் யோசனையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் தனியாளாக ஒரு முதுகுப்பையோடு போகிறவன், அந்த நினைப்பிலேயே சொல்லிவிட்டேன், வயதான அம்மாவுக்கு அது சரிவராது.

திப்பசந்திராவாசி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று!

நாங்கள் நினைத்த வெள்ளிக்கிழமையில் கிடைக்கவே இல்லை. முன்னால் இருக்கிற செவ்வாயில் கேட்டதும், பார்ட்னரின் மாலை விமானம் எங்கள் கம்பெனி எண்ணிலேயே இருந்தது, சிகாகோவில் 3 மணி 10 நிமிடம் இடைவெளி. வெப்சைட்டில் அது தானாக வரவில்லை. போனில் விமான எண்ணைச் சொல்லிக் கேட்டதும், அந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு ‘இருக்கிறது மேடம்’ என்றார். போய் வர ₹1,21,400. வவுச்சர் போக 52 ஆயிரத்துச் சொச்சம் கார்டில் கட்டினேன். தேதி மாற்றலாம் என்கிற கட்டணத்தில்தான் எடுத்தேன் மாலா அக்கா.

ஒரு சின்னப் பதற்றம். மெயிலில் இரண்டு டிக்கெட் எண் வந்திருக்கிறது, கடைசி இலக்கத்தில் மட்டும் ஒன்று கூடுதலாக. தவறுதலாக இரண்டு டிக்கெட் போட்டுவிட்டார்களா?

சிவாஜிநகர் டிக்கெட்காரர்:

இல்லை மேடம், பயப்படாதீர்கள். ஒரு டிக்கெட் எண்ணில் நான்கு விமானம்தான் அடங்கும். அம்மாவுக்குப் போக மூன்று, வர மூன்று, மொத்தம் ஆறு, அதனால் தொடர்ச்சியாக இரண்டாவது எண் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே டிக்கெட்தான். அம்மா கையில் கொடுக்கிற காகிதத்தில் இரண்டு எண்ணும், இரண்டு பிஎன்ஆரும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கூடவே ‘கொலம்பஸில் மகள் வீட்டுக்குப் போகிறேன், வீல்சேர் வேண்டும், சிகாகோவில் பெட்டி எடுத்து மறுபடி போட உதவி செய்யுங்கள்’ என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள். வீல்சேர் தள்ளுகிறவரே பெட்டி வரைக்கும் கூட வருவார்.

திப்பசந்திராவாசி:

எழுதி வைத்துவிட்டேன் சார். பார்ட்னர் சைட்டில் இன்று காலை திறந்து பார்த்தேன், வீல்சேர் ஏறியிருக்கவில்லை, போன் போட்டுச் சேர்த்தாயிற்று. சாயங்காலம் மறுபடி பார்த்தபோது அம்மா பெயருக்குப் பக்கத்தில் வீல்சேர் படம் வந்திருக்கிறது. சுக்கும் பூண்டும் லேகியமும் போட்ட பெட்டி 23 கிலோவுக்கு மேல் போகிறது, இப்போது அந்தப் பஞ்சாயத்துதான் வீட்டில் நடக்கிறது.